இரண்டு படிகங்கள் சேரும் இடம்

அந்த ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பிடித்ததே அதன் சுத்தம்தான். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டுதான் உள்ளே போவோம்.

நான் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன். அங்கே வேலை வாங்கித் தந்தவன் என் தங்கை புருஷன். அவன் ஆராய்ச்சியாளன், நான் உலையை ஓட்டுகிறவன். காலியம், ஆர்சனிக் எல்லாம் வாயுவாக உள்ளே போகும். சூடான தகட்டின்மேல் அணு அணுவாகப் படிகம் வளரும். ஒரு படிகத்தின்மேல் வேறொன்றை வளர்த்தால் அணுக்களின் இடைவெளி ஒத்துப்போகாது. சேரும் இடத்தில் பிளவு விழும். என் தகடுகளில் மட்டும் விழாது. அந்த இடம் வரும்போது சூட்டைக் கையால் குறைத்து, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி ஏற்றுவேன். ஒன்பது வருடப் பழக்கம். பதிவேட்டில் ஒருநாளும் எழுதியதில்லை.

போன மாதம் மாப்பிள்ளை என் பின்னால் நின்று கடிகாரம் பார்க்க ஆரம்பித்தான். சின்ன நோட்டில் ஏதோ குறித்தான். நான் கிட்டே போனால் கணினித் திரையை மூடினான்.

"என்ன மாப்ளே, வேவு பாக்குறீங்களா?"

"உங்க கை என்ன மாயம் பண்ணுதுன்னு பாக்குறேன் மச்சான். இவ்வளவு படிச்சும் என் மண்டையில ஏறலையே."

திருடப் போகிறவன்தான் அப்படிப் புகழ்வான்.

எங்கள் நச்சுவாயு மணிக்கு ஒரு கோளாறு. ஸ்பிரிட் தொட்டு மேசையைத் துடைத்தாலும் அலறும். அதனால் துடைத்தவர் "ஸ்பிரிட்டு" என்று கத்துவார். மற்றவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். தப்புதான். எல்லோரும் செய்தோம்.

செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. மாப்பிள்ளை பின்னறையில் சிலிண்டர்களின் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் நான் மட்டும். மணி அடித்தது. என் திரையில் பின்னறையின் நச்சுவாயு அளவு ஏறிக்கொண்டே போனது. நான் துணியைத் தொடவே இல்லை.

"மச்சான், ஸ்பிரிட்டா?"

"ஆமா மாப்ளே."

"குரல் என்ன, கிணத்துக்குள்ளேருந்து வருது?"

சளி என்றேன். சுவாச முகமூடியை அதற்குள் மாட்டியிருந்தேன்.

கசிவு என்னால் வந்ததல்ல. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

மாலையில் தலைவலி என்றான். நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வாந்தி எடுத்தபோது, வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று தங்கையிடம் சொன்னேன். வேலையிடத்தில் ஏதாவது கசிந்ததா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டான். பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவன் நான்.

அவன் மூடிய திரையில் இருந்ததை நேற்று அச்செடுத்துக் காட்டினீர்கள். ஒரு கட்டுரை. முதல் பெயர் என்னுடையது, அவனுடையது இரண்டாவது. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என்று என்னைத்தான் எழுதியிருக்கிறான். வெளிவரும்வரை அண்ணனிடம் மூச்சு விடாதே என்று தங்கையிடம் சொல்லிவைத்திருந்தானாம்.

நல்லது செய்கிறவன் எதற்கு ஒளிக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். ஆக, நான் சந்தேகப்பட்டது சரிதான்.