நடந்து காட்டியவரின் மனைவி

பெண் காவலர் ஒருவர் உடனிருக்க, ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, நான் சுயநினைவோடு சொல்வதாவது: என் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் எழுதி உறைக்குள் வைத்துக்கொள்ளும்படி நான் கேட்டுக்கொண்டதால் அவை இதில் இல்லை. வயதை எழுதலாம், நாற்பத்தாறு, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை பார்க்கிறேன். என் கணவர் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவர்களுக்கு வர்ணம் அடித்து வந்தவர். தெருவில் அவரைப் பெயிண்டர் என்றும் என்னைப் பெயிண்டர் வீட்டம்மா என்றும்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நேற்று முன்தினம் எங்கள் வீட்டில் தீப்பிடித்தபோது முன்கதவு வெளியே பூட்டியிருந்தது, சாவி என் பையில் இருந்தது, கணவர் உள்ளே இருந்தார். ஆகையால் இந்த மனுஷன் தொலையட்டும் என்று நான் பூட்டிவிட்டுப் போனேனா என்று கேட்கிறார்கள். பூட்டியது நான்தான். ஏன் பூட்டினேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நடுவில் நிறுத்தி 'விஷயத்துக்கு வாம்மா' என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஆய்வாளர் சரி என்றார்.

என் கணவர் வேலையில் இருக்கும்போது சாரம் சரிந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. அதன் பிறகு வீல்சேர்தான். அரசாங்கத்தின் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு பிசியோ மேடம் வீட்டுக்கு வந்து, தினமும் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும், முடிந்தால் நடக்க வேண்டும், விட்டுவிட்டால் கால் இறுகி அப்படியே நின்றுவிடும் என்று சொல்லி, பயிற்சி கொடுத்தார். சில நாள் அவரால் என்னைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்க முடியும். சில நாள் எழுந்து நிற்கவே முடியாமல் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். எந்த நாள் எப்படி விடியும் என்று அவருக்கே தெரியாது.

அதன் பிறகு அரசாங்கம் உதவித்தொகையைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அன்றிலிருந்து ஒரு செய்தித்தாளில் தொகை வாங்குகிறவர்களைத் தினமும் போலிகள், போலிகள் என்றே எழுதினார்கள். எதிர்வீட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் படித்து முடித்ததும் அந்தப் பேப்பரை எங்களுக்குக் கொடுப்பார். தொகை நின்றுபோனவர்கள் என்ன ஆனார்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. கடைசிப் பக்கம் முழுக்க அரசாங்க விளம்பரம். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைசிப் பக்கத்துக்குக் காசு குடுத்தா முன்பக்கம் இலவசம் போல" என்று சிரித்தார். அப்போது நாங்கள் சிரித்தோம், அது வேறு யாருக்கோ நடக்கிற விஷயமாக இருந்தது.

அதன் பிறகு ஒரு காலையில் அந்தப் பத்திரிகையிலிருந்தே ஒருவர் கேமராவோடு வந்தார். நல்ல மரியாதையான பையன் மாதிரிதான் இருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார், என்னை அக்கா என்று கூப்பிட்டார். "தொகையைக் குறைக்கப் போறதால உங்களுக்கு வர்ற கஷ்டத்தை எழுதப் போறோம்க்கா, மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க" என்றார். நாங்கள் நம்பினோம். பிசியோ மேடமும் அன்றைக்கு வந்திருந்ததால் அவரும் காலைப் பற்றி விவரமாகச் சொன்னார், அந்த ஆள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் புத்திகெட்ட வேலை. என் கணவர் எதைத் தாங்கினாலும் சோம்பேறி என்ற பேச்சைத் தாங்க மாட்டார். "தம்பி, உக்காந்தே சாப்பிடுறவன்னு மட்டும் எழுதிடாதீங்க, நான் முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன், பாருங்க" என்று சொல்லி வீல்சேரிலிருந்து எழுந்தார். அன்றைக்கு நல்ல நாள். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள, வாசலைத் தாண்டித் தெருவரை நடந்தார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. "கொஞ்சம் சிரிங்க, போட்டோ எடுக்குறாங்கல்ல" என்று நான்தான் சொன்னேன். அவரும் வலியோடு சிரித்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பு முன்பக்கத்தில் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'உட்கார்ந்தால் உதவித்தொகை, எழுந்தால் உல்லாசம்' என்று போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த வீல்சேரை வெட்டிவிட்டார்கள். என்னையும் வெட்டிவிட்டார்கள், அவர் இடுப்புப் பக்கம் சட்டையைப் பிடித்திருந்த என் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன. பிசியோ மேடம் சொன்னதில் ஒரு எழுத்து இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் அன்றைக்குப் பேப்பரைக் கொடுக்கவில்லை, நான் கேட்டு வாங்கினேன், அவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

அதன் பிறகு நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்தப் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். வரவேற்பில் நெடுநேரம் உட்காரவைத்த பிறகு கண்ணாடி போட்ட உதவி ஆசிரியர் ஒருவர் வந்து, நின்றபடியே பேசினார்.

"நாங்க பொய் எதுவும் எழுதலையேம்மா. உங்க வீட்டுக்காரர் நடந்தாரா, இல்லையா?"

"நடந்தார். ஆனா..."

"நடந்தாருல்ல? அப்புறம் என்னம்மா?"

அந்த 'ஆனா'வுக்குப் பிறகுதான் ஐயா எங்கள் பிழைப்பே இருக்கிறது என்று கத்தினேன். காவலாளியை விட்டு என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கையில் அடுத்த நாள் அச்சுக்குப் போகிற பக்கத்தோடு அந்த ஆபீஸ் பெண் ஒருவர் எதிரே வந்தார், அதிலும் போலிகள் என்றுதான் இருந்தது.

அதன் பிறகு உதவித்தொகை நிறுத்திவைக்கப்பட்டது. மறுபரிசோதனை நடக்கும், தேதி பிறகு சொல்லப்படும் என்றார்கள். உதவித்தொகை ஆபீசில் இருந்த அம்மா கெட்டவர் இல்லை. "பேப்பர்ல வந்துடுச்சேம்மா, இனிமே நாங்க கண்டுக்காம இருந்தா எங்க தலையில விழும்" என்று மெதுவாகச் சொன்னார். மறுபரிசோதனையில் நடக்கிறார் என்று எழுதிவிட்டால் உதவித்தொகை ஒரேயடியாகப் போய்விடும், வாங்கியதைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை அப்படியே கணவரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் எழுந்து நிற்கவில்லை. தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு நேராக வந்ததும் நடையைக் குறைத்தார்கள். எதிர் மாடியில் ஒருவர் போனை எங்கள் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன், அவர் உண்மையிலேயே படம் எடுத்தாரா, யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தாரா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒருநாள் யாரோ ஜன்னலில் தட்டி, "பெயிண்டரே, ஒரு ரவுண்டு நடந்துட்டு வரலாமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். என் கணவர் ஜன்னலுக்குக் கனமான கம்பளியை ஆணி அடித்து மாட்டச் சொன்னார். மாட்டினேன். பகலிலும் மேசை விளக்கு எரிய வேண்டியதாயிற்று.

கழிப்பறைக்கும் என்னைத் தூக்கச் சொன்னார். வேலையிலிருந்து முதுகு ஒடிந்து வருகிறவள் நான், எனக்கும் கோபம் வந்தது. "நம்ம வீட்டுக்குள்ள யாருங்க பாக்கப் போறா? எழுந்து நில்லுங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். "பாத்துட்டா?" என்று கேட்டார். தூக்கினேன். பிசியோ மேடம் வந்து நிற்கச் சொன்னபோதும் முடியவில்லை என்றே சொன்னார். அவர் போன பிறகு, "அந்தம்மாவும் எங்கயாவது எழுதிக் குடுக்கணும்ல" என்றார். அடுத்த முறை மேடம் அவர் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கால் இறுக ஆரம்பிச்சிடுச்சு, இப்பவே நிக்க வைங்க, அப்புறம் நீங்க எவ்வளவு கெஞ்சினாலும் வராது" என்றார். கெஞ்சினேன், அழுதேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். மறுபரிசோதனை முடியட்டும் என்றார்.

கதவைப் பூட்டச் சொன்னதும் அவர்தான். நான் வேலைக்குப் போன பிறகு யாராவது கேமராவோடு உள்ளே வந்துவிடுவார்கள் என்று பயந்தார். நான் மாட்டேன் என்றேன், அவசரத்துக்கு என்ன செய்வீர்கள் என்றேன். "பின்கதவு உள்ளதானே தாழ் போட்டிருக்கு" என்றார். அது உண்மை. பின்கதவு சமையல் மூலையைத் தாண்டிச் சந்துக்குள் திறக்கும். அது குறுகல், உயரமான படியும் உண்டு, வீல்சேர் நுழையாது. நடந்தால்தான் போக முடியும். அதைச் சொல்லும்போது அவர் என்னை நேராகப் பார்த்தார். மனுஷன் அவசரத்துக்கு எழுந்துவிடுவார், கால் இன்னும் இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன், அந்த நிம்மதியில்தான் பூட்டினேன்.

நேற்று முன்தினம் மறுபரிசோதனைத் தேதி கேட்கப் போயிருந்தேன். நான் இல்லாதபோது நடந்ததை ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பளியின் ஒரு பக்க ஆணி கழன்று, கம்பளி மேசை விளக்கின் மேல் விழுந்து பற்றியிருக்கிறது. கம்பளி முழுவதும் விழுந்ததும் ஜன்னலுக்கு மறைப்பில்லாமல் போனது, தெருவிலிருந்து பார்த்தால் புகைக்கு நடுவே வீல்சேரில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. கூட்டம் கூடிவிட்டது. கூடியவர்களில் பாதிப் பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். கடைக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, பின்கதவு இருக்குல்ல, எந்திரிச்சுப் போங்கண்ணே, எந்திரிங்கண்ணே!" என்று கத்தியிருக்கிறார். என் கணவர் ஜன்னலைப் பார்த்து, "மொதல்ல அந்தப் போனையெல்லாம் கீழ எறக்கச் சொல்லு" என்றாராம். யாரும் இறக்கவில்லை. கடைக்காரர் பூட்டை உடைத்து உள்ளே போனபோது அவர் இரண்டு சக்கரங்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மயங்கிக் கிடந்தார். அந்தக் கடைக்காரர் நன்றாக இருக்க வேண்டும், அவர் இல்லையென்றால் நான் இன்றைக்கு வேறு மாதிரி வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

என் கணவர் இப்போது மருத்துவமனையில் இருக்கிறார், உயிருக்கு ஆபத்தான கட்டத்தைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆய்வாளர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "பின்கதவு பக்கத்துலயே இருக்கு. அவரால நடந்து போயிருக்க முடியுமா, முடியாதா? ஒண்ணைச் சொல்லும்மா." முடியும் என்றால் நான் அவரைக் கொல்லப் பார்க்கவில்லை என்று ஆகும், ஆனால் பேப்பரில் எழுதியது சரி என்றும் ஆகும், அவர் ஏமாற்றுக்காரர், உதவித்தொகை போச்சு. முடியாது என்றால் அவர் யோக்கியர், அசைய முடியாதவரைப் பூட்டிவைத்த பாவி நான். படம் எடுத்த அந்தப் பத்திரிகைக்காரர் இந்தக் காவல் நிலையத்து வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், நான் உள்ளே வரும்போது எனக்கு வணக்கம் வேறு வைத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன். படம் எடுத்த அன்றைக்கு அவரால் நடக்க முடிந்தது. தீப்பிடித்த அன்றைக்கு முடிந்ததா என்று தெரிந்துகொள்ள நானும் தவிக்கிறேன். இன்று காலை டாக்டர் காலை அசைக்கச் சொன்னபோது அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு முடியவில்லை என்றார். டாக்டர் போன பிறகு, அறையில் வேறு யாரும் இல்லாதபோது, அவர் காதோடு காதாக, "நான்தாங்க, வேற யாரும் இல்ல, ஒரே ஒரு தடவை அசைச்சுக் காட்டுங்க" என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "உன்னை யாரு கேக்கச் சொன்னா?" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரால் நடக்க முடியுமா என்பது எனக்குத் தெரியாது.

இதை எழுத்தர் எனக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினார். யாருடைய கட்டாயமும் இல்லாமல் நான் சொன்னது இதுதான், என் அறிவுக்கு எட்டியவரை அனைத்தும் உண்மை. வெளியே கொடுக்க வேண்டி வந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)