இரண்டு முறை மிதிக்கவும்

எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்து அதில் சர்க்கரை இருக்கும் என்று நம்புகிறவர் வீட்டுக்குப் புதியவராகத்தான் இருப்பார். அதில் வாஷர் இருக்கும். டீத்தூள் டப்பாவில் நட்டு. ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கிற தட்டில் ரப்பர் சீல்கள், வெக்கையில் இறுகிவிடக் கூடாதே என்று. பழைய கார் ஒன்றை வீட்டில் வைத்துப் புதுப்பிக்கிறவனின் குடித்தனம் இப்படித்தான் இருக்கும், ஐயா. என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த வீட்டுல நானும் ஒரு உதிரிபாகம்தான். என்ன ஒண்ணு, என்னைத் தேடி நீங்க எந்தக் கடைக்கும் போக மாட்டீங்க" என்றாள். நல்ல கிண்டல்காரி. அவள் பெட்டியை ஆட்டோ வரை தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். கையெல்லாம் கிரீஸாக இருந்தது.

நீங்கள் கேட்டது பிரேக்கைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கென்று பார்க்க ஏதாவது வேண்டுமே. பழைய இரும்புக் கடையின் பின்புறம் கிடந்தது அந்த வண்டி. பானெட்டுக்குள்ளிருந்து ஆமணக்குச் செடி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததுமே மனசு இளகிவிட்டது. எனக்கு அது ஒரு வியாதி. வீட்டுக்கு இழுத்துவந்து, பின்பக்க ஷெட்டில் செங்கல் அடுக்கி அதன்மேல் உட்கார வைத்தேன்.

அதைச் செய்த கம்பெனி என்றைக்கோ மூடியாகிவிட்டது. ஒரு பாகம் வேண்டுமென்றால் இன்னொரு வண்டியிலிருந்துதான் கழற்ற வேண்டும். ஒன்று எழுந்து நிற்க இன்னொன்று படுக்க வேண்டும். அதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை. பழைய துண்டில் பாகங்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் சொன்னார்: "நானறிஞ்சு இந்த மாடல் இங்க ரெண்டே ரெண்டுதாங்க. ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. இன்னொண்ணு வச்சிருக்கிறவர் கையக் காலப் புடிங்க."

இன்னொன்றை வைத்திருந்தவர் என் தங்கையின் கணவர்.

அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மாடியில், நான் கீழே. மாப்பிள்ளை மாலையில் இறங்கி வந்து, என் ஷெட் வாசலில் நின்று வேர்க்கடலை தின்றபடி வேடிக்கை பார்ப்பார். தோலை என் ஸ்பானர் பெட்டியில்தான் போடுவார். ஒருநாள் இதே மாடல், இதே நிறம், ஓடுகிற நிலையில் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து முன்பக்க போர்ட்டிகோவில் நிறுத்தினார். யாரோ ஒரு டாக்டர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய வண்டி. இவர் அதற்குச் சூரியகாந்திப் பூப்போட்ட சீட் கவர் மாட்டினார். பின்சீட்டில் சிமெண்ட் மூட்டை ஏற்றினார். காலையில் கிளம்பும்போது என் ஜன்னலுக்கு நேராக ஹாரன் அடித்து, "மச்சான், உங்க வண்டி முட்டை போட்டுச்சா?" என்று கேட்பார். செங்கல்மேல் உட்கார்ந்திருந்ததல்லவா, அதற்கு.

நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவையை யார் சொன்னாலும் ரசிப்பவன் நான்.

என் தங்கை அப்படியில்லை. மாடியில் வேலை முடிந்ததும் ஷெட்டுக்கு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷ்ஷும் வைத்துப் பாகங்களைத் துலக்குவாள். சின்ன வயதிலிருந்தே எதற்கும் 'ஏன்' கேட்கிறவள். பதில் வராமல் விடமாட்டாள். என் வண்டியின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைத் துலக்கியதும் அவள்தான். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளிச் சக்கரங்களைப் பிடிக்க வைக்கிற இரும்புக் குழாய் அது. உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"உள்ள அம்மை போட்ட மாதிரி இருக்கேண்ணா. இது வேலைக்கு ஆகாது. தூக்கிப் போட்டுட்டு வேற பாரு."

வேறு பார்த்தேன்.

அதற்கு முன்பே சின்னச் சின்னதாக ஆரம்பித்திருந்தேன். மாப்பிள்ளையின் வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயில் பார்த்து, காற்றுப் பார்த்துக் கொடுப்பது நான்தான். அவருக்குப் பானெட்டைத் திறக்கவே தெரியாது. முதலில் ஒரு கதவுக் கைப்பிடி. அப்புறம் வைப்பர் மோட்டார். அப்புறம் கார்புரேட்டர். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நான் எதையும் திருடவில்லை. மாற்றி வைத்தேன். அவர் வண்டியிலிருந்து எடுத்த இடத்தில் என் வண்டியின் பாகத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒழுங்காகப் பொருத்தினேன். ஓர் ஆணியின் இடத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. ஆட்டையைப் போடுகிறவன் இவ்வளவு மெனக்கெடுவானா?

மாப்பிள்ளைக்கும் ஏதோ உறைத்தது. "என்ன மச்சான், உங்க வண்டிக்கு வயசு குறையுது, என் வண்டிக்கு ஏறிக்கிட்டே போகுது? என்ன மருந்து போடுறீங்க?" என்றார்.

"பாசம் மாப்ள" என்றேன்.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றியது கடைசியில். மறுநாளே வந்தார். "பிரேக்கை மிதிச்சா தரை வரைக்கும் போகுது மச்சான்."

"ரெண்டு தடவை மிதிங்க. முதல் மிதி எழுப்புறதுக்கு, ரெண்டாவது நிறுத்துறதுக்கு. வயசான வண்டி அப்படித்தான்."

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார். "சரியாப்போச்சு. உங்க தங்கச்சி மாதிரியே இருக்கு. ரெண்டு தடவை சொன்னாத்தான் கேக்குது."

அவள் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. என் தங்கையை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குத் தாங்காது.

அவருக்கு இரண்டு மிதி பழகிவிட்டது. கால் தானாகவே செய்தது, அப்படி மிதிக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோனது. ஒரு குறையும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. ஆனால் அவரைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதினீர்களானால் அது தப்பு. நினைத்திருந்தால் இரண்டு மிதியைச் சொல்லிக் கொடுத்திருப்பேனா?

அன்றைக்கு என் தங்கை மாடிப்படியில் சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கி வந்தாள். மாப்பிள்ளை குளியலறையில் வழுக்கி விழுந்து வலதுகையில் கட்டுப் போட்டிருந்தார். அவளுக்கோ அன்று வேலைக்கான நேர்காணல். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை. தலையை இறுக்கி வாரி, கையில் ஃபைலோடு, சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"கேட்டைத் தொறந்து விடுண்ணா. இன்னைக்கு நான்தான் டிரைவர்."

அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இந்த வண்டியை அவள் தொட்டதில்லை, மாப்பிள்ளை கொடுத்ததில்லை.

'ரெண்டு தடவை மிதி' என்பது எவ்வளவு சின்ன வாக்கியம், ஐயா. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் சொல்வதை மாப்பிள்ளை கேட்டுக்கொண்ட மாதிரி அவள் கேட்டுக்கொள்ள மாட்டாள். 'ஏன்?' என்பாள். நல்ல புடவை என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே பானெட்டைத் தூக்குவாள். அந்தச் சிலிண்டரைத் துலக்கியவள் அவள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். திருப்பி மாட்டுண்ணா என்பாள். அவள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. சொல்ல வராது. என் மனசு அப்படி. ஆகவே, அவள் கேட்கிற நிலைமையே வராமல் பார்த்துக்கொண்டேன்.

கேட்டைத் திறந்தேன். தெருவில் நின்று கையைக் காட்டினேன். "வா... வா... ஒடிச்சு வா... நேர் பண்ணு... வா." எங்கள் போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்கு லேசான ஏற்றம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக நின்றுவிடும். பிரேக்கைத் தொடவே தேவையில்லாத மாதிரி, பூவை எடுப்பதுபோல அவளை வெளியே எடுத்தேன். 'நிறுத்து' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் மிதித்துப் பார்த்திருப்பாள்.

இதைத்தானே நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன்.

எங்கள் தெரு சறுக்கலாக இறங்கி மெயின் ரோட்டில் முட்டும். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிவிட்டுப் போனாள். நான் ஷெட்டுக்குத் திரும்பி, பிரேக் எண்ணெய் எங்காவது கசிகிறதா என்று என் வண்டியின் அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கசிவு இல்லை. லாரி ஹாரன் கேட்டது, நீளமாக. அதற்கப்புறம் ஒரு சத்தம். ஸ்பானரைத் துடைத்து, அதன் இடத்தில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மாப்பிள்ளை வெறுங்காலோடு தெருவில் நின்று ஆட்டோ ஆட்டோ என்று கத்திக்கொண்டிருந்தார். ஒன்றும் நிற்கவில்லை. அவருக்கு நான் உதவினேன் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "என் வண்டில ஏறுங்க" என்றேன். செங்கல்லிலிருந்து அதை இறக்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெளியே எடுத்தது அன்றுதான் முதல் முறை. சாவியைத் திருப்பியதுமே இஞ்சின் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்கு அரை மைல் இருக்கும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. மிதித்தேன். கோடு போட்ட இடத்தில் நிற்பதுபோல வண்டி நின்றது. மாப்பிள்ளையின் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது. அவர் நெற்றியைத் தடவவில்லை. என் காலைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"என் வண்டி இப்படித்தான் நிக்கும்" என்றார். "முன்னாடி."

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் தங்கைக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நாயைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருந்தது. அவசரத்தில் போகிற எவனும் ஏற்றிவிட்டுப் போயிருப்பான். நான் நின்றேன். அது சாவகாசமாக ரோட்டைக் கடக்கும்வரை காத்திருந்தேன். கண்ணெதிரே ஓர் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.