ரெண்டாவது ஆள்

கத்தாதடா ரகுபதி, இது ஆஸ்பத்திரி. உன் அக்கா நான் உள்பக்கம் நிக்கிறேன், நீ வெளிப்பக்கம் நிக்கிற, நடுவுல இந்தக் கண்ணாடிக் கேட். அவ்வளவுதான் லா. ஒரு பேஷண்டுக்கு ரெண்டு பேருக்கு மேல விடாது. நான் ஒண்ணு, மேல வார்டுல உங்க அத்தான் ஒண்ணு. நீ உன் அடையாளக் கார்டு, அந்த ஐசிய இந்த கேட் மெஷின்ல வெச்சாலும் செவப்பு லைட்டுதான் எரியும்.

அவர எதுக்கு நான் எறங்கி வரச் சொல்லணும்? அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டு இருக்காரு. நீ ஊட்டுவியா? என்னா பை அது, மாதுளையா? தேக்கா மார்க்கெட்டுல வாங்குனியா? கஞ்சியே ரெண்டு வாய்க்கு மேல எறங்கல, தொர மாதுளை தூக்கிட்டு வந்துருக்காரு.

என்னது, பெத்த தாயப் பாக்க விடாம தடுக்க இந்த மெஷின் யாருன்னா கேக்குற? ஏன், செங்காங்ல உன் காண்டோ அபார்ட்மெண்ட் வாசல்ல இருக்கே, சுத்துற கம்பிக் கேட், அது யாராம்? மீன் கொழம்பத் தூக்கிட்டு அம்மா அதுக்கு வெளிய நின்னாங்கள்ல, உச்சி வெயில்ல? செக்யூரிட்டி உனக்குப் போன் மேல போன் போட்டாரு. மீட்டிங்கா? ஞாயித்துக்கிழம என்னடா மீட்டிங்? நீ பால்கனில நின்னத அம்மா கீழருந்து பாத்தாங்கடா. கொழம்ப அந்தச் செக்யூரிட்டிகிட்டயே குடுத்துட்டு பஸ் ஏறிட்டாங்க. அப்புறம் உன் வீட்டுப் பக்கம் வந்தாங்களா? எனக்கு இன்னும் வயிறு எரியுது.

ஏன் அங்க பாக்குற? இந்த ஆஸ்பத்திரி கேட்காரர கூப்பிடாத. அவருக்கு ரூல்ஸ் சொல்ல மட்டும்தான் தெரியும். என்கிட்டப் பேசு.

என்னா, வாட்ச பாக்குற? நாளைக்கு வர்றியா? ஆங், வா வா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, விட்டா போதும்னு. அம்மாகிட்ட நான் என்னா சொல்றது? வந்தான், கேட் தொறக்கல, போயிட்டான்னா?

சரி, போ. பழத்த எடுத்துட்டுப் போ.

டேய், ஒரு நிமிஷம். அத்தான் மேல இல்ல. வேலைக்குப் போயிருக்காரு. உள்ள நான் ஒருத்திதான். படுத்த நாள்லருந்து அம்மா ரெண்டாவது ஆள உள்ள விடவே இல்ல. அத்தான் பாக்கணும்னா நான் வெளிய வரணும். ரகு வருவான், அந்த எடம் இருக்கட்டும்னு ஒரே புடிவாதம்.

இவ்வளவு நேரம் நின்னு சண்ட போட்டியே, ஐசிய ஒரு தடவையாச்சும் வெச்சுப் பாத்தியாடா?