லோரெட்டாவுக்காக வாங்கிய சைலன்சர்

துப்பாக்கி சுடுகிறவன் எனக்குச் சத்தம் பிடிக்காது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனாலும் உண்மை அதுதான், அதிகாரி அம்மா. காலமெல்லாம் மர ஆலையில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நான். ஓய்வு பெற்று வந்ததும் முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். காதில் பாதி ஆலையிலேயே போய்விட்டது. மீதியையாவது பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

என் சிநேகிதன் வெர்ல் பக்கத்து அறையில் இருப்பது தெரியும். உள்ளே வரும்போது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், இளைத்துப் போயிருக்கிறான். வக்கீலே வேண்டாம் என்கிறானாம். 'என் பெண்டாட்டியைக் கொன்றது நான்தான், என்னை உள்ளே போடுங்கள்' என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறானாம். நாளைக்கு அவனை நீதிபதி முன்னால் நிறுத்தப் போகிறீர்கள். அது நடக்கக் கூடாது, அதற்காகத்தான் வந்தேன். பொறுமையாகக் கேட்டீர்களானால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

வெர்லும் நானும் ஆலையில் ஒரே ஷிப்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஒன்று ஆகி, இளம் வயதிலேயே முறிந்துபோனது. பிறகு நாங்கள் இருவரும்தான். சனிக்கிழமையானால் அவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில், ஒரு பழைய வேலிக் கட்டையின் மேல் காலித் தகர டப்பாக்களை வரிசையாக வைத்துச் சுடுவோம். இருவருக்கும் ஒரே துப்பாக்கி, வெர்லுடைய குட்டி இருபத்திரண்டு காலிபர் கைத்துப்பாக்கி. உள்ளங்கையில் அடங்கிவிடும், தோட்டா பட்டாணி அளவு. தோற்றவன் அன்றைக்குச் சமைக்க வேண்டும்.

விளையாட்டுதான் என்றாலும் ஒழுங்காக விளையாடுவோம். ஒருவன் சுடும்போது மற்றவன் பைனாகுலரோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். சுடுகிறவன் கண் டப்பாவில் மட்டும் இருக்க வேண்டும். மான் வருகிறதா, பக்கத்துப் பண்ணை மாடு வருகிறதா என்பதெல்லாம் பார்க்கிறவன் பாடு. அவன் 'காலி' என்று சொன்ன பிறகுதான் விசையில் விரல் போகும். இத்தனை வருடத்தில் வெர்ல் ஒருமுறைகூட என் வார்த்தைக்கு மேல் தலையைத் தூக்கிப் பார்த்தது கிடையாது. அவ்வளவு நம்பிக்கை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

லோரெட்டா அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து வந்தவள். போய்சி நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். யாரோ உறவினர் வீட்டுச் சாவுக்கு இந்தப் பக்கம் வந்த இடத்தில் வெர்லைப் பார்த்து, அந்த வருடமே கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பெண், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிரித்தால் வீடு அதிரும். ஹக்கிள்பெரி என்கிற காட்டுப் பழத்தை வைத்து இனிப்பு அப்பம் சுட்டால் பாதியை எனக்கென்று எடுத்து வைத்துவிடுவாள். அவளிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வம்பு ஆரம்பித்தது வெர்லின் ஆடம்பரத்தால். துப்பாக்கிச் சந்தைக்குப் போனவன் குழல் வாயில் மாட்டுகிற ஒரு சாமானோடு திரும்பினான். பக்கவாட்டில் துளைகள் போட்ட பளபளப்பான குழாய்த் துண்டு. பெரிய துப்பாக்கிகளுக்கு அது தேவைதான், கை உதறாமல் பிடித்து வைக்கும். இந்தக் குட்டிக்கு உதறலே கிடையாது.

"நாய்க்குட்டிக்கு எதுக்குடா சிங்கப் பிடரி?" என்று கேட்டேன்.

"வயித்தெரிச்சல்டா உனக்கு. பாரு, எப்படி ஜம்முனு இருக்கு!"

ஜம்மென்று இருந்தது. கூடவே ஒரு காரியமும் செய்தது. முன்னால் போக வேண்டிய சத்தத்தை இரண்டு பக்கமும் வாரி இறைத்தது. பட்டாசு மாதிரி இருந்தது இப்போது வேட்டு மாதிரி ஆயிற்று. லோரெட்டாவின் நாய் டஃபி சனிக்கிழமைகளில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் பேச்சை எடுத்தாள். "இங்க பாரு வெர்ல், அந்தப் பொட்டுத் துப்பாக்கி என் மண்டைக்குள்ளயே வெடிக்குது. இந்தச் சத்தமும் வேணாம், இந்தப் பனியும் வேணாம். பேசாம அரிசோனாவுல என் பொண்ணு பக்கத்துல போயி இருந்துடலாம்."

நான் வெர்லைப் பார்த்தேன். அவன் சிரித்து மழுப்பியிருந்தால் இன்றைக்கு நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அவன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே, "எனக்கும் முட்டி வலி தாங்கல. வெயில் ஊரு நல்லதுதான்" என்றான்.

பயந்துபோனேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "சத்தத்துக்காக ஊரை விடுவாங்களா லோரெட்டா? நான் ஒரு சைலன்சர் வாங்கி மாட்டிடறேன்" என்றேன்.

"நெசமாவா ஆரின்? உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்?"

"சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல."

சைலன்சருக்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். என் பெயரில் விண்ணப்பித்தேன். யார் பெயரில் இருக்கிறதோ அவன் கூட இல்லாமல் வேறொருவன் அதைத் தொடக்கூடாது என்பது சட்டம். வெர்ல் இனி நான் இல்லாமல் ஒரு டப்பாவைக்கூட அமைதியாகச் சுட முடியாது என்று நினைத்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. அப்போது என் மனதில் இருந்தது அவ்வளவுதான். சத்தம் நின்றால் அவள் போக மாட்டாள், அவள் போகாவிட்டால் அவனும் போக மாட்டான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அனுமதி வரக் குளிர்காலம் முழுவதும் ஆயிற்று. பனி உருகும் நேரத்தில் சாமான் கைக்கு வந்தது. அந்தப் பளபளப்புக் குழாயைக் கழற்றிவிட்டு, வெர்லின் சமையலறை மேசையிலேயே பொருத்தினேன். இந்தக் குட்டித் துப்பாக்கிகளின் குழலுக்கு வெளியே மரை இருக்காது. நடுவில் ஒரு சின்ன வளையத்தை முடுக்கி, அதன் மேல்தான் சைலன்சரை ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்தபோது துப்பாக்கியைவிட மூக்கு நீளமாக இருந்தது. முனையில் இருக்கும் குறி பாதி மறைந்துவிட்டது. வெர்ல் எடுத்து நீட்டிப் பார்த்து, ஒரு கண்ணை இடுக்கி, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, "டப்பாவத் தவிர ஒரு எழவும் தெரியலடா" என்றான். மற்றதைப் பார்க்கத்தான் நான் இருக்கிறேனே என்றேன்.

லோரெட்டாவின் நடையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மத்தியானம் நாயைக் கூட்டிக்கொண்டு சாலை முனையில் இருக்கும் தபால் பெட்டி வரை போவாள். திரும்பும்போது ஓடைக் கரையோடு வருவாள். அந்த ஒற்றையடிப் பாதை ஆல்டர் புதருக்குள் நுழைந்து, நாங்கள் டப்பா வைக்கும் கட்டைக்குப் பக்கத்திலேயே வெளியே வருகிறது. அதனால் ஓடைப் பாலத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பாள். வெடி கேட்டால் அங்கேயே நிற்பாள். சத்தம் ஓய்ந்ததும், "வரட்டுமா?" என்று கத்துவாள். வெர்ல் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பலகையில் வைத்து, "வா, வா" என்பான். கொடி, பலகை எதுவும் நாங்கள் வைத்தது கிடையாது. சத்தமே போதுமானதாக இருந்தது.

சைலன்சரை மாட்டிய அன்று வெர்லைச் சுடச் சொல்லிவிட்டு நான் அந்தப் பாலத்துக்குப் போனேன். எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? ஓடையில் பனித் தண்ணீர் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் சுடுகிறான் என்பது எனக்குத் தெரியும், ஆனால் தண்ணீரின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. என் காது சரியில்லை என்று டஃபியைப் பார்த்தேன். கூட வந்த அந்த நாய் காதைக்கூட அசைக்காமல் கல்லை முகர்ந்துகொண்டிருந்தது. வேலை முடிந்தது, திரும்பியிருக்கலாம். ஆனாலும் நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

லோரெட்டா என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவள் முட்டாள் இல்லை, உடனே கேட்டாள். "அப்ப நீங்க சுடறீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" பதிலையும் அவளே கண்டுபிடித்தாள். வேட்டைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு மேல்சட்டை ஒன்றை எடுத்து வந்தாள். சுடும்போது அதைப் பாலத்துக் கம்பத்தில் கட்டிவிட வேண்டும், சட்டை இருந்தால் அவள் நிற்பாள், இல்லாவிட்டால் வருவாள்.

"வெர்ல் கையில குடுக்காதீங்க, தன் தலைய எங்க வெச்சோம்னே மறந்துருவாரு," என்று சிரித்தாள். "நீங்க பாத்துக்கோங்க ஆரின்."

பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே போய்க் கட்டினேன், நானே அவிழ்த்து வந்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த வாரங்களில் நாங்கள் மூவரும் மிகவும் சந்தோஷமாக இருந்தோம் என்றே நினைக்கிறேன். பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை நின்றது.

வெர்ல் என்னிடம் சொல்லக்கூட இல்லை. நானாகப் போய்க் கேட்டேன்.

"அட, சொல்லணும்னுதான்டா இருந்தேன். வெயில் காலத்துலயே கெளம்பறோம். நீயும் வந்து பாரு, அங்க கள்ளிச்செடியா வளந்து கெடக்காம். டப்பாவே வேணாம்!" என்று என் முதுகில் தட்டினான்.

"அதான் சத்தம் நின்னுடுச்சேடா" என்றேன்.

"சத்தத்துக்காகவா போறோம்? அவ பேரப் புள்ளைங்க அங்க இருக்குதுங்கடா."

அவன் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பொருளைக் கஷ்டப்பட்டு வாங்கிய பிறகு அது தேவையே இல்லை என்று சொன்னால் கொஞ்சம் வருத்தம் இருக்கும் அல்லவா, அவ்வளவுதான். அதை எப்படியாவது பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் அறிக்கையில், சட்டையைக் கட்டாததற்குக் காரணம் 'வயதானவரின் மறதி' என்று இருக்கிறதாம். உங்கள் ஆட்கள் என்னிடம் மிகவும் தன்மையாக நடந்துகொண்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் எனக்கு மறதி கிடையாது, அம்மா. அன்றைக்கு அந்தச் சட்டை என் கோட்டுப் பைக்குள் மடித்தபடி இருந்தது. வெர்ல் தோட்டா போட்டுக்கொண்டே, "கட்டிட்டியா?" என்று கேட்டான். "கட்டியாச்சு" என்றேன். அவன் கேட்டான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டதே நினைவில்லை என்று அவன் சொல்கிறானாம், பாவம்.

மூன்று டப்பாக்களை வீழ்த்தியிருந்தான், நல்ல நாள் அவனுக்கு. பைனாகுலரில் முதலில் டஃபியைப் பார்த்தேன். பிறகு அவளுடைய நீலக் கோட்டு. பாலத்தில் நின்று கம்பத்தைப் பார்த்தாள். சட்டை இல்லை. அப்படியும் கையைக் காதருகே வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள், எச்சரிக்கையானவள். பிறகு புதருக்குள் நுழைந்தாள். நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பாதையில் நானும் நடந்து பார்த்திருக்கிறேன். வெர்ல் கழுத்தைச் சாய்த்துக் கடைசி டப்பாவைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். அது கட்டையின் ஓரத்தில், புதரை ஒட்டினாற்போல் இருந்தது. டப்பாக்களை அடுக்கியது நான்தான்.

"காலியா?" என்றான்.

இலைகளுக்கு நடுவில் நீலம் தெரிந்தது. டப்பாவுக்கு நேர் பின்னால் வரட்டும் என்று காத்திருந்தேன்.

"என்னடா தூங்கிட்டியா? காலியா?"

"காலி" என்றேன்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. யாரோ புத்தகத்தை மூடினாற்போல் இருந்தது. டப்பா விழவில்லை. வெர்ல் குறி தப்பிவிட்டது என்று நினைத்து அலுத்துக்கொண்டான். பிறகு டஃபி குரைக்க ஆரம்பித்தது. குரைப்பு நிற்கவே இல்லை. வெர்ல் எழுந்து ஓடினான். முட்டி வலியோடு அவன் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. மீதியெல்லாம் உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது.

அதற்கப்புறம் அவன் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் சோபாவில்தான் படுத்திருந்தான். சூப் வைத்துக் கொடுத்தேன், முகம் கழுவிவிட்டேன். அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் மகள் அரிசோனாவிலிருந்து வந்தாள், அம்மாவின் சாம்பலை எடுத்துக்கொண்டு அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள். வீட்டு வாசல் பலகையை நான் பிடுங்கிப் போட்டேன். நாள் ஆக ஆகச் சரியாகிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் சோபா காலி. தானே வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடியும்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் சிறைக்குப் போய்விட்டால் நான் செய்ததெல்லாம் எதற்காக? ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். விசையை இழுத்தது வெர்லின் விரல்தான். அவளைக் கொன்றது நான். தெரிந்து, பார்த்து, காத்திருந்து செய்தேன். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். இதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், கொஞ்சம் பக்குவமாக.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தூரத்துச் சிறைக்கு அனுப்பாதீர்கள், அவனால் இப்போது நீண்ட நேரம் வண்டி ஓட்ட முடியாது. சனிக்கிழமைகளில் பார்க்க விடுவார்கள்தானே? முதலில் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், அவன் சுபாவம் அது. அப்புறம் வந்துவிடுவான். என்னை விட்டால் அவனுக்கு இப்போது வேறு யார் இருக்கிறார்கள், அம்மா?