ஞாயிறுதோறும் நின்றுபோகும் கணினி

கொட்டாஞ்சேனையில் என் அலுவலை முடித்துக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பம்பலப்பிட்டி நெரிசலில் பேருந்து அசையாது நின்றது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த, என் வயதையொத்த அம்மையார் ஒருவர் அருகிலிருந்த பெண்மணியிடம் கூறியது தெளிவாகவே என் செவியில் விழுந்தது.

“கனடாவில இருந்துகொண்டு என்ர கொம்பியூட்டரை நிப்பாட்டுறாள், வசந்தி.”

“ஆரக்கா?”

“வேற ஆர், மருமகள்தான். ஞாயிற்றுக்கிழமையில மகன் அரை மணித்தியாலம் வடிவாக் கதைப்பான். பிறகு அவள் வந்து முகத்தைக் காட்டினவுடன பட்டெண்டு நிண்டு போகும்.”

“பழைய பெட்டியெல்லோ? சூடேறுதோ தெரியேல்லை. தொட்டுப் பாத்தனீங்களோ?”

“எப்பிடித் தொடுறது? கடல் காத்துக்குக் கறள் பிடிக்குமெண்டு தடிச்ச துணியில உறை தைச்சுப் போட்டிருக்கிறன்.”

“கதைக்கேக்கையும் உறையோடயோ?”

“கழட்டினால் உப்பு உள்ள போகாதோ?”

வசந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “ஐயோ அக்கா, அதுக்கு மூச்சு முட்டுது. அரை மணித்தியாலம்தான் தாங்கும். அந்தப் பிள்ளையைச் சும்மா குறை சொல்லாதேங்கோ.”

“மகனிட்டச் சொல்லிப் போட்டனே. ரெண்டு கிழமையா அவள் கதைக்க வாறேல்லை.”

“அந்த ரெண்டு ஞாயிறும் நிக்கேல்லையோ?”

அம்மையார் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நிண்டதுதான்,” என்றார். பின்னர் குரலைத் தாழ்த்தி, “அப்ப மகனுக்கும் பழக்கிப் போட்டாள்,” என்றார்.