கை வைக்காத பிள்ளை

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் பக்கத்தில் அவள் மகள், ஐந்து வயது இருக்கும்.

"சேச்சி, விளையாடக் கத்துக்குடுக்க எங்கயாச்சும் ட்யூஷன் இருக்கா?" என்று கேட்டாள் இளையவள்.

மூத்தவள் சிரித்துவிட்டாள். "நல்ல கதை! எங்க வீட்டுல உள்ள பிள்ளைங்க ரெண்டையும் கூட்டிட்டுப் போ மோளே. சாயா ஆறுறதுக்குள்ள வீட்டைத் தலைகீழாக்கும்."

இளையவள் சிரிக்கவில்லை.

"தமாஷ் இல்ல சேச்சி. ஸ்கூல்ல மணலு, புளியங்கொட்டை எல்லாம் கொட்டி, விளையாட விட்டுத்தான் எண்ணக் கத்துத் தர்றாங்க. இவ ஒண்ணையும் தொடமாட்டேங்கறா. டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க டீச்சர்."

"குட்டிக்குப் பயமா இருக்கும். பழகிடும்."

"நான்தான் பழக்கினேன் சேச்சி. மண்டியில அரிசி புடைக்கிறப்போ பக்கத்துலயே சாக்கு மேல உக்கார வைப்பேன். மொதலாளி சாமான்ல கை வச்சே, சூடு வைப்பேன்னு தெனமும் மிரட்டினேன். இப்போ தொடுடி, எல்லாம் உனக்குத்தான்னு கெஞ்சறேன். நம்பமாட்டேங்கறா."

மூத்தவள் சாவிக்கொத்தைக் கிலுக்கி, "எடுத்துக்கோ மோளே" என்று நீட்டினாள்.

குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்தபடி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.