காண்டே வீட்டுக் கதவைக் கட்டிவைத்தவர்களுக்கு

ஊர்த் தலைவர் அவர்களே, இமாம் அவர்களே, காம்பியா ஆற்றங்கரைச் சேற்று வயலிலிருந்து கால்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் பெண்கள் சங்கத்தாரே, உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும்!

நான் கும்பா பால்டே, உங்கள் சுகாதாரப் பணியாளர். மாடு மேய்க்கும் ஃபுலா குலத்தவள். மறைந்த தச்சர் யாங்குபா காண்டே அவர்களோ கொல்லர் குலத்தார். எங்கள் இரு குலத்துக்கும் கேலி உறவு. துக்க வீட்டிலும் நான் அவரைக் கேலி பேசலாம். கோபித்துக்கொள்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்!

யார் இந்த யாங்குபா காண்டே? கருமி! பெருந்தீனிக்காரர்! அப்படித்தானே சொன்னீர்கள்? கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை மண்ணால் அடைத்தார். சன்னலுக்கு வலை அடித்தார். சைக்கிள் டியூபைக் கட்டி, தானாக மூடிக்கொள்ளும் வலைக்கதவை மாட்டினார். அன்று ஊரே என்ன சொல்லிச் சிரித்தது?

"சோறு போடணுமேன்னு காண்டே வீட்டுக் கதவு தானா சாத்திக்குது பாரு!"

அவர் சண்டைக்கு வந்தாரா? இல்லை! மதியச் சோற்றுக் கிண்ணத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். தெருவில் போன என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பால்காரி, வந்து தின்னு! கதவு கொசுவுக்குத்தான்டி, உனக்கில்ல."

வேர்க்கடலைக் குழம்பு முழங்கை வரை வழியத் தின்றேன். அப்போதுதான் மகள் நானோவைப் பற்றிச் சொன்னார். "மலேரியா கும்பா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள மடியிலயே போயிட்டா. அன்னிக்கே இந்தக் கதவப் போட்டிருக்கணும்."

அதன் பின் நான் வீடு வீடாகப் பேசினேன். அவர் வீடு வீடாகக் கதவு மாட்டினார். புழுக்கம் என்றீர்கள், எதிரெதிரே சன்னல் வெட்டினார். வலையைக் கிழித்து மாவு சலித்தீர்கள். திட்டிக்கொண்டே புது வலை அடித்தார்!

நேற்று ஒருவர் என் காதுபட முணுமுணுத்தார்: "அத்தன கதவு போட்டும் செத்துட்டாரே?" ஐயா, அவரைக் கொண்டுபோனது மாரடைப்பு! கொசுவை அவர் கடைசிவரை உள்ளே விடவில்லை!

விட்டது யார்? நீங்கள்! அதோ பாருங்கள் அவர் வீட்டை. அவர் செய்த கதவை அவர் தம்பி புராமா அவர்கள் கயிறு போட்டுத் தூணோடு கட்டியிருக்கிறார். கேட்டால், "துக்கத்துக்கு வர்றவங்க மூஞ்சியில கதவு சாத்தக் கூடாதும்மா, அது வழக்கம்" என்கிறார். அண்ணன் இறந்த நாளிலிருந்து கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது. உள்ளே யாங்குபாவின் மருமகள் சிரா நிறைமாத வயிற்றோடு படுத்திருக்கிறாள். அவள் கையிலும் கழுத்திலும் இருக்கும் தடிப்புகளை இன்று காலை பார்த்தேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு நானோவின் காய்ச்சலைக் கொடுப்பதா உங்கள் வழக்கம்?

எனக்கும் ஒரு வழக்கம் தெரியும், புராமா அவர்களே! கேலி உறவுக்காரி துக்க வீட்டில் ஒன்று கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் உங்கள் குலத்துக்கே இழுக்கு. இதோ, சபையறியக் கேட்கிறேன்: அந்தக் கயிறு எனக்கு வேண்டும்! துக்கத்துக்கு வருகிறவர்கள் முற்றத்தில் உட்காரட்டும். அவர் நமக்குச் சோறு போட்ட இடம் அதுதான்.

பொழுது சாய்கிறது; கொசு கிளம்பும் நேரம். வலைக்கதவு இல்லாத கடைசி வீடு இந்த ஊரில் இருக்கும்வரை நான் உங்களை நிம்மதியாக விடப்போவதில்லை. இப்போதே போய் முதல் கதவைச் சாத்துகிறேன்.

கருமிக் கொல்லரே, யாங்குபா காண்டே அவர்களே! நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் பேரப்பிள்ளை உள்ளே பிறக்கும். கொசு வெளியே நிற்கும்.